தடித்த புத்தகமும் கடினமான புத்தகமும் ஒன்றல்ல
(மேல்நிலை வகுப்பு இயற்பியல் பாடநூலை வாசிக்க ஒரு வழிகாட்டி)



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும், பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது. அந்த நேரத்தில் நம் பிள்ளைகளில் பலர், நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும், அறிவியல் பிரிவை ஒதுக்கிவிடுகிறார்கள். காரணம் கேட்டால், "பிசிக்ஸ் புக்கைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது" என்பதே பதில். துணிந்து சேர்ந்தவர்களிலும் பலர் பாடநூலைத் திறப்பதில்லை. கைடு ஒன்றை வாங்கி, அதிலுள்ள விடைகளை மனப்பாடம் செய்து காலத்தைக் கழிக்கிறார்கள்.

இதனால் வரும் இழப்பு சிறியதல்ல. மருத்துவத்துக்கும், பெரும்பாலான பொறியியல் படிப்புகளுக்கும் மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படித்திருக்க வேண்டும். ஒரு புத்தகத்தின் தடிமனைக் கண்டு பதினைந்து, பதினாறு வயதில் எடுக்கும் முடிவு, இந்த இரண்டு வாசல்களையும் சாத்திவிடுகிறது. விருப்பமில்லாமல் வேறு பிரிவுக்குப் போவது ஒன்று. பயந்து போவது வேறு. விருப்பத்தை மதிப்போம். பயத்தை மட்டும் போக்க முயல்வோம்.

நீளம் வேறு, கடினம் வேறு

பக்கங்களை எண்ணி ஒரு புத்தகத்தின் கடினத்தை அளக்க முடியாது. இயற்பியலில் பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கிறது. பக்கம் குறைந்த நூல் பல படிகளை விழுங்கிவிட்டு முடிவை மட்டும் சொல்கிறது. பக்கம் கூடிய நூல் ஒவ்வொரு படியாக நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது.

இயக்கவியல் பாடத்தில் வரும் ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். கைடில் அது ஒரே வரியில் இருக்கும்:

இடப்பெயர்ச்சி = (தொடக்கத் திசைவேகம் × காலம்) + (பாதி × முடுக்கம் × காலம் × காலம்)

பார்ப்பதற்கு ஒரு வரிதான். ஆனால் அந்தப் 'பாதி' எங்கிருந்து வந்தது? மனப்பாடம் செய்த மாணவரிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. இதையே சற்று நீட்டிச் சொல்லிப் பார்ப்போம்.

நேர்சாலையில் ஒரு பேருந்து விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது. ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். வேகம் ஒவ்வொரு விநாடியும் 2 மீட்டர் வீதம் கூடுகிறது. 5 விநாடி கழித்து வேகம் விநாடிக்கு 20 மீட்டர். இந்த 5 விநாடியில் பேருந்து எவ்வளவு தூரம் போயிருக்கும்?

வேகம் கூடாமல் 10 மீட்டராகவே இருந்திருந்தால் 50 மீட்டர். தொடக்கம் முதலே 20 மீட்டராக இருந்திருந்தால் 100 மீட்டர். உண்மையில் வேகம் 10-இலிருந்து 20-க்குச் சீராக ஏறியது. ஆகவே சராசரி வேகம் 15 மீட்டர். அதை 5 விநாடியால் பெருக்கினால் 75 மீட்டர்.

இந்த 75-ஐப் பிரித்துப் பாருங்கள். 50 மீட்டர் பழைய வேகத்தால் கிடைத்தது. மீதி 25 மீட்டர் கூடுதல் வேகத்தால் கிடைத்தது. அந்தக் கூடுதல் வேகம் சுழியில் தொடங்கி 10 வரை ஏறியது. சராசரியில் அதன் பாதிதான், அதாவது 5. ஐந்தை ஐந்தால் பெருக்க 25. சமன்பாட்டில் உள்ள 'பாதி' இதுதான்.

ஒரு வரி இப்போது பல வரிகளாகிவிட்டது. ஆனால் எது எளிது? எது மறக்காது? நீளமான விளக்கத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை, தேர்வு அறையில் சமன்பாடு மறந்துபோனாலும் இரண்டு நிமிடத்தில் அதைத் தானே வருவித்துவிடும்.

பக்கத்தைக் குறைத்தால் போதுமா?

பாடச்சுமை அதிகம் என்ற குறை நியாயமானதே. ஆனால் பக்கத்தைக் குறைத்தால் மட்டும் வாசிப்பு எளிதாகிவிடாது. மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளில் பயன்படும் என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் கொரோனா காலத்திற்குப் பின் சுருக்கப்பட்டன. பதினோராம் வகுப்பு இயற்பியலில் 15 அத்தியாயங்கள் 14 ஆயின. நீக்கப்பட்டது முதல் அத்தியாயம். இயற்பியல் என்றால் என்ன, அது எதையெல்லாம் ஆராய்கிறது, இயற்கையின் அடிப்படை விசைகள் யாவை என்று, அதிகக் கணக்கில்லாமல் சொற்களால் அறிமுகம் செய்த பகுதி அது. புத்தகம் மெலிந்தது. ஆனால் போனது, புதிதாக வரும் மாணவர் தயக்கமின்றி வாசிக்கக்கூடிய பகுதி.

நம் பாடநூலின் அமைப்பு

தமிழ்நாடு அரசின் புதிய பாடநூல்கள் பதினோராம் வகுப்புக்கு 2018-19 கல்வியாண்டிலும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019-20-இலும் வந்தன. இரு வகுப்புகளிலும் இயற்பியல் இரண்டு தொகுதிகள். மொத்தம் 11 அலகுகள்.

இந்தப் பக்கங்கள் எல்லாமே ஒரே வகையானவை அல்ல. ஒவ்வோர் அலகிலும் கற்றலின் நோக்கங்கள், பாடப்பகுதி, படங்கள், தீர்வுடன் கூடிய எடுத்துக்காட்டுக் கணக்குகள், குறிப்புப் பெட்டிகள், பாடச்சுருக்கம், கருத்து வரைபடம், பயிற்சி வினாக்கள் எனப் பல பகுதிகள் உள்ளன. கட்டாயம் கற்க வேண்டிய பகுதி எது, கூடுதல் தகவல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே புத்தகத்தின் பாரம் பாதி குறையும். பெட்டிக்குள் இருக்கும் சுவையான செய்தியை முதல் வாசிப்பில் தாண்டிச் செல்வது தவறல்ல. எடுத்துக்காட்டுக் கணக்கைத் தாண்டிச் செல்வதுதான் தவறு.

பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்களுக்கு நடக்கிறது. அதில் 15 மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு உரியது. பாடத்தின் உள்ளிருந்து கேட்கப்படும் வினாவுக்கும், எண்களை மாற்றிக் கேட்கப்படும் கணக்கிற்கும் கைடு மனப்பாடம் கைகொடுக்காது. கைடே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடநூலைப் படித்து முடித்தபின் திருப்பிப் பார்க்க அது உதவும். பாடநூலின் இடத்தை அது பிடிக்கக் கூடாது.

வாசிப்பைத் தடுக்கும் மூன்று முட்டுக்கட்டைகள்

முதலாவது, சொல். வேலை, ஆற்றல், திறன், எடை, நிறை ஆகிய சொற்களை நாம் அன்றாடம் பயன்படுத்துகிறோம். இயற்பியலில் இவற்றுக்கு வேறு, துல்லியமான பொருள் உண்டு. ரயில் நிலையத்தில் ஒரு தொழிலாளி 30 கிலோ மூட்டையைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்திற்குத் தூக்குகிறார். ஈர்ப்பு முடுக்கத்தைத் தோராயமாக 10 என்று கொண்டால், ஈர்ப்பு விசைக்கு எதிராக அவர் செய்த வேலை 30 × 10 × 1.5 = 450 ஜூல். பிறகு மூட்டையைச் சுமந்துகொண்டு சமதளமான நடைமேடையில் 100 மீட்டர் நடக்கிறார். வியர்வை சிந்துகிறார். ஆனால் அந்த நடையில் ஈர்ப்பு விசைக்கு எதிராக அவர் செய்த வேலை சுழி. ஏனெனில் மூட்டையின் உயரம் மாறவில்லை. 'வேலை' என்ற சொல்லுக்கு வீட்டில் ஒரு பொருள், பாடத்தில் ஒரு பொருள் என்று தெரியாத பிள்ளை இந்த இடத்தில் குழம்பி, புத்தகத்தை மூடிவிடும்.

இரண்டாவது, வாக்கியம். பாடநூல் தமிழில் சில வாக்கியங்கள் நீளமாக இருக்கின்றன. இப்படி ஒரு வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'ஒரு பொருளின் மீது செயல்படும் நிகரப் புறவிசை சுழியாக இருக்கும்போது, அப்பொருளின் உந்தம் காலத்தைப் பொறுத்து மாறாமல் இருக்கும்.' இதை மூன்றாக உடைக்கலாம். பொருளை வெளியிலிருந்து தள்ளுகிற, இழுக்கிற எல்லா விசைகளையும் திசையோடு சேர்த்துக் கூட்டு. கூட்டியபின் மிச்சம் எதுவும் இல்லை. அப்படியானால், நிறையைத் திசைவேகத்தால் பெருக்கி வரும் அளவு அப்படியே இருக்கும். நீண்ட வாக்கியத்தை இப்படிச் சிறு வாக்கியங்களாக நோட்டில் எழுதிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் எந்தப் பாடநூலும் வசப்படும்.

மூன்றாவது, விடுபட்ட படி. சமன்பாட்டை வருவிக்கும்போது 'எனவே' என்று ஒரு சொல் வரும். அதற்கு முன்னுள்ள வரிக்கும் பின்னுள்ள வரிக்கும் இடையே இரண்டு படிகள் மறைந்திருக்கலாம். அவற்றை வாசிப்பவர்தான் எழுதி நிரப்ப வேண்டும். இயற்பியல் நூலைக் கதைப்புத்தகம்போல் படுத்துக்கொண்டு வாசிக்க முடியாது என்பது இதனால்தான். கையில் பென்சில் இருக்க வேண்டும்.

நம் முன்னோர் ஒருவர் காட்டிய வழி

பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைஸம், ஒளியையும் பார்வையையும் பற்றி எழுதிய பெருநூல் 'கிதாபுல் மனாழிர்'. 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட அது ஏழு பகுதிகளைக் கொண்டது. ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின் பாரசீகத்தில் வாழ்ந்த கமாலுத்தீன் அல்ஃபாரிஸி, தம் ஆசிரியர் குத்புத்தீன் ஷீராஸியின் வழிகாட்டுதலில் அந்த நூலைக் கற்றார்.

நூல் பெரிது என்று அவர் ஒதுக்கிவைக்கவில்லை. சொன்னதை அப்படியே ஒப்பிக்கவும் இல்லை. பகுதி பகுதியாக ஆராய்ந்து, தேவையான இடங்களில் திருத்தி, விளக்கி, 'தன்கீஹுல் மனாழிர்' என்ற தம் நூலை எழுதினார். ஒரு மழைத்துளிக்குள் ஒளி எப்படிச் செல்கிறது என்பதை அறிய, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைப் பயன்படுத்திச் சோதித்தார். துளிக்குள் நுழையும்போது ஒளி விலகுகிறது, உள்ளே எதிரொளிக்கிறது, வெளியேறும்போது மீண்டும் விலகுகிறது என்று காட்டி வானவில்லை விளக்கினார். இன்று நம் பிள்ளைகள் ஒளியியல் அலகில் படிக்கும் விலகலும் எதிரொளிப்பும் இவையே.

வாசிப்பது, எழுதிப் பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இயற்பியல் நூல் ஒருவருக்குச் சொந்தமாகிறது. பதினோராம் வகுப்பு மாணவருக்கும் வழி இதுதான்.

ஓர் அலகை வாசிக்கும் முறை

ஹிஃப்ழ் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளைப் பாருங்கள். முழு முஸ்ஹஃபையும் பார்த்து மலைத்து அவர்கள் உட்கார்ந்துவிடுவதில்லை. அன்றைய சபக் எவ்வளவோ அவ்வளவுதான் அன்றைய கவலை. கூடவே பழைய பாடத்தையும் திருப்பி ஓதுகிறார்கள். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் நற்செயலின் சிறப்பை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கைப் பாடநூலுக்கும் கொண்டுவரலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இங்கே மனனம் மட்டும் போதாது, பொருள் விளங்க வேண்டும்.

1. முதல் நாள் 20 நிமிடம் ஒதுக்குங்கள். அலகின் தலைப்புகள், படங்கள், கடைசியில் உள்ள பாடச்சுருக்கம் ஆகியவற்றை மட்டும் பாருங்கள். புரியாவிட்டால் கவலை வேண்டாம். எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்வதே நோக்கம்.

2. அடுத்த நாளிலிருந்து ஓர் அமர்வுக்கு இரண்டு பக்கம். புதிய கலைச்சொல்லைத் தனி நோட்டில் எழுதுங்கள். தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், உங்கள் சொந்த வார்த்தையில் பொருள், வீட்டிலோ தெருவிலோ கண்ட ஓர் உதாரணம் என நான்கு கட்டங்கள் போதும். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்துக்கு மாறும்போது இந்த நோட்டு பெரிதும் உதவும்.

3. சமன்பாட்டை வார்த்தையாக வாய்விட்டுச் சொல்லுங்கள். 'விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது' என்று சொன்னபின், 'விசை மாறாமல் நிறை இரண்டு மடங்கானால் முடுக்கம் பாதியாகும்' என்று அடுத்த வாக்கியத்தையும் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

4. எடுத்துக்காட்டுக் கணக்கு வந்ததும் தீர்வை ஒரு தாளால் மூடிவிட்டு நீங்களே முயலுங்கள். சிக்கிக்கொண்டால் ஒரு வரி மட்டும் திறந்து பாருங்கள். மீண்டும் முயலுங்கள்.

5. முடிவில் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை ஐந்து நிமிடம் யாரிடமாவது சொல்லுங்கள். தடுமாறும் இடமே நாளை மீண்டும் வாசிக்க வேண்டிய இடம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் தொடக்கம் முதல் ஜனவரி இறுதி வரை ஏறத்தாழ 35 வாரங்கள். அலகுக்கு மூன்று வாரம் என்றால் 11 அலகுகளுக்கு 33 வாரங்கள். பள்ளி நடத்தும் வரிசையை ஒட்டிச் சென்றால், நாள்தோறும் ஒரு மணி நேரத்திற்குள் இந்தத் 'தடித்த' நூல் முடிந்துவிடும். பிப்ரவரி முழுவதும் திருப்புதலுக்கு இருக்கும்.

வாப்பாவும் உம்மாவும் என்ன செய்யலாம்?

"எங்களுக்கு பிசிக்ஸ் தெரியாதே" என்று பெற்றோர் ஒதுங்க வேண்டியதில்லை. பிள்ளை சொல்வதைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. இரவு உணவுக்குப் பின் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்று படித்ததில் எந்தச் சொல் புதிது? அதை நம் வீட்டில் எங்கே பார்க்கலாம்? ஒன்று இரண்டு மடங்கானால் மற்றது என்ன ஆகும்?

மூன்றாவது கேள்வி சில நேரம் உயிரையே காக்கும். ஒரு பைக் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டரில் போகிறது. பிரேக் பிடித்தால் வேகம் ஒவ்வொரு விநாடியும் 5 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பைக் 10 மீட்டரில் நின்றுவிடும். அதே பைக் மணிக்கு 72 கிலோமீட்டரில் போனால்? வேகம் இரண்டு மடங்கு. நிற்கும் தூரமோ 20 மீட்டர் அல்ல, 40 மீட்டர். நான்கு மடங்கு! இதைப் புத்தகத்திலிருந்து உங்கள் மகன் உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். நீங்கள் எத்தனை முறை சொல்லியும் ஏறாத புத்தி, தானே கணக்குப் போட்டுப் பார்க்கும்போது ஏறும்.

மகள் படிக்கிறாள் என்றால், மாலையில் அந்த ஒரு மணி நேரத்தை வீட்டு வேலைகளிலிருந்து விடுவித்துக் கொடுங்கள். தம்பி தங்கைகளின் சத்தமில்லாத ஒரு மூலையும் ஒரு விளக்கும் போதும்.

மஹல்லா என்ன செய்யலாம்?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த காக்காமார்களும் லாத்தாமார்களும் தங்கள் பாடநூல்களைப் பழைய பேப்பர் கடையில் போடாமல் ஜமாஅத் நூலகத்தில் சேர்க்கலாம். ஓரத்தில் அவர்கள் எழுதிய குறிப்புகள் அடுத்து வருபவருக்குப் பெரிய உதவி. கல்லூரியில் இயற்பியலோ பொறியியலோ படிப்பவர்கள் வாரத்தில் ஒரு நாள், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டு பக்கம் சேர்ந்து வாசிக்கலாம். மாணவிகளுக்குத் தனியாக, படித்த சகோதரி ஒருவர் இதை நடத்தலாம். இது டியூஷன் அல்ல. புத்தகத்தை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது. ஓர் அலகை இப்படி வாசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை மீதி பத்து அலகுகளைத் தானே வாசித்துவிடும்.

இந்த மாதப் பயிற்சி

மாணவர்கள் மேலே சொன்ன பேருந்துக் கணக்கில் காலத்தை 5 விநாடிக்குப் பதில் 10 விநாடி என்று மாற்றிப் போடுங்கள். முதலில் சராசரி வேகத்தைக் கொண்டும், பிறகு சமன்பாட்டைக் கொண்டும் செய்யுங்கள். இரண்டு வழியிலும் 200 மீட்டர் வர வேண்டும். காலம் இரண்டு மடங்கானபோது தூரம் ஏன் 150 ஆகாமல் 200 ஆனது என்பதை மூன்று வாக்கியங்களில் எழுதி வீட்டாரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளின் உள்ளத்திலிருந்து பயத்தை நீக்கி, பயனுள்ள கல்வியை அதிகப்படுத்தி, அதைக் கொண்டு நம் சமுதாயத்திற்கும் பிற மக்களுக்கும் நன்மை செய்பவர்களாக அவர்களை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.